அவித்த மாவும் பதினொரு நாள் முட்டையும்

1

சுனாமியின் ஐந்தாம் ஆண்டுக்கு எங்கள் ஊர் வாசிகசாலை ஒரு மலர் போடுகிறதாம். கூடப் படித்த சுகந்தி மெயில் அனுப்பியிருந்தாள். "நீ தண்ணிக்குள்ள போய் வந்தவள், இப்ப வெளிநாட்டுலயும் இருக்கிறாய், உருக்கமா ரெண்டு பக்கம் எழுது." எனக்கு உருக்கம் வராது சுகந்தி. கம்பஸில் ஒரு தடவை கவிதைப் போட்டிக்கு எழுதினேன், சோகக் கவிதைக்கு நடுவர் சிரித்தார். ஆகவே பாஸ்தா பற்றி எழுதுகிறேன். போடுவதானால் போடு.

நான் இருப்பது இத்தாலியில், பலெர்மோ நகரத்தில். காலையில் ஒரு பல் வைத்தியரின் வீட்டைத் துடைக்கிறேன். பின்னேரம் இன்னொரு வீட்டில் உடுப்பு அயர்ன் பண்ணுகிறேன். நான் விலங்கியல் இரண்டரை வருடம் படித்தவள் என்று இரண்டு வீட்டுக்கும் தெரியாது. தெரிந்தாலும் தூசி குறையப் போவதில்லை.

அப்பா வந்தது இந்த ஆடி மாதம். யுத்தம் முடிந்த கையோடு விசா கிடைத்தது. அழைப்பு அக்காவின் பெயரில். ஆனால் அவள் வேலை செய்யும் வீட்டிலேயே தங்குவதால் அப்பா என் அறையில். களுதாவளையிலிருந்து ஒரு பெட்டி, நாலு சாரம், ஒரு குடலிறக்கம் கொண்டு வந்தார். கடைசியாகச் சொன்ன சாமான், முப்பது வருடம் நெல் ஆலையில் மூட்டை தூக்கியதற்குக் கிடைத்தது. அடிவயிற்றில் ஒரு மாம்பழம் அளவுக்குத் தள்ளிக்கொண்டு நின்றது.

ஆஸ்பத்திரியில் அப்பாவின் பெயரைக் கூப்பிடவே மாட்டார்கள். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பது இங்குள்ள கந்தோர்க்காரர்களின் மண்டையில் ஏறுவதில்லை. கடவுச்சீட்டில் முன்னால் கிடந்த தாத்தாவின் பெயரைத் தூக்கி மருத்துவ அட்டையில் அடித்துவிட்டார்கள். தாதி "கணபதிப்பிள்ளை" என்பதை நாலு துண்டாக முறித்துக் கூப்பிட்டதும் அப்பா என்னைப் பார்த்தார்.

"அவர் செத்து முப்பது வருசம். இப்ப என்னத்துக்குத் தேடுறானுகள்?"

"அது நீங்கதான் அப்பா. எழும்புங்க."

சத்திரசிகிச்சை செய்யும் டொக்டர் ஒரு பெண். இரத்த அறிக்கையைப் பார்த்துவிட்டு அப்பாவோடு கதைக்காமல் என்னோடு கதைத்தார். இரத்தத்தில் புரதம் போதாது, இந்த நிலையில் வெட்டினால் காயம் ஆறாது, ஆறு கிழமையில், ஒன்றரை மாதத்துக்குள் ஏற்றிக்கொண்டு வாருங்கள், திரும்பப் பார்க்கலாம். இறைச்சி சாப்பிடுவாரா? இல்லை. மீன்? இல்லை. முட்டை? அதுவும் இல்லை. ஏன்?

பிள்ளையாருக்கு நேர்ந்து இதையெல்லாம் விட்டவர் என்பதை எப்படிச் சொல்வது? என் இத்தாலிய மொழி, வாளியும் தும்புத்தடியும் பிடித்துப் படித்த மொழி. "இவர் ஒரு யானைக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார்" என்று சொன்னேன். டொக்டர் பேனையை நிறுத்தினார். பிறகு அதையும் எழுதிக்கொண்டார்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"நல்லாச் சாப்பிடட்டாம்."

இதற்குள் இன்னொரு கொக்கி. மருத்துவ அட்டை மார்கழி, அதாவது டிசம்பர் முப்பத்தொன்று வரைக்கும்தான். புதுப்பிக்க வதிவிடப் பத்திரம் வேண்டும். வதிவிடப் பத்திரத்துக்கு வரிசையில் நின்று ஒரு துண்டு எடுத்தால், அந்தத் துண்டைக் காட்டி இன்னொரு வரிசையில் நிற்கலாம். அது எப்போது முடியும் என்று கேட்டால் கந்தோர்க்காரர் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். அதற்கிடையில் குடல் சிக்கிக்கொண்டால் என்ன நடக்கும் என்று டொக்டர் விரலை முறுக்கிக் காட்டியிருந்தார். ஆக, ஆறு கிழமை.

2

அந்த நேர்த்திக்கடன் எனக்காக வைத்தது.

சுனாமி வந்த காலை நான் கல்லாற்றில், சிநேகிதி வீட்டில் இருந்தேன். அலை எடுத்தது, ஒரு வீட்டுக் கூரையில் விட்டது, அங்கிருந்து யாரோ தோணியில் ஏற்றி வாவிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். இவ்வளவுதான். மிச்சம் எனக்கு ஞாபகமில்லை. ஞாபகம் இருப்பதாகக் கதை விடவும் விருப்பமில்லை.

அப்பா மூன்று நாள் சைக்கிளில் தேடினார். அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டாள், அக்கா இத்தாலியில். தேட அவர் ஒருவர்தான். இரண்டாம் நாள் களுதாவளைப் பிள்ளையாரிடம் போய், "புள்ளயத் தா, மச்சத்த விடுறன்" என்று சொல்லிவிட்டு வந்தாராம். மச்சம் என்றால் மீன், இறைச்சி, முட்டை எல்லாம்தான். மூன்றாம் நாள் அந்தப் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்.

நிவாரணத்தில் வந்த டின் மீனை எனக்குத் தந்துவிட்டு வெறும் பாண் துண்டைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அந்த நேரம் கரையில் ஒருத்தரும் மீன் சாப்பிடவில்லை, கடலுக்குள் என்னென்ன கிடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். சில மாதத்தில் எல்லோரும் திரும்பத் தொடங்கினார்கள். அப்பா தொடங்கவில்லை. இறால் என்றால் ஆலையிலிருந்து அரை நாள் லீவு போட்டு வந்து தின்கிற மனிதன். கேட்டபோதுதான் விசயத்தைச் சொன்னார். எத்தனை வருசத்துக்கு என்றேன். "வருசம் சொல்லல்ல" என்றார்.

பிறகு வாவிக்கு அந்தப் பக்கம் ஷெல் விழத் தொடங்கியது. கம்பஸ் மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. நான் அக்காவிடம் வந்துவிட்டேன். அப்பா அங்கே தனியாகச் சோறும் பூசணிக்காயும் தின்றார். மூட்டை தூக்கினார்.

3

புரதம் ஏற்றுவது பற்றி நான் படித்திருக்கிறேன். அப்பாவுக்கு ஏற்றுவது பற்றிப் படிக்கவில்லை.

பருப்பு கொடுத்தேன். கொஞ்சம் கூடினால் வயிறு ஊதி, அந்த மாம்பழம் இன்னும் தள்ளிக்கொண்டு வந்தது. பால் கொடுத்தேன், கழிச்சல். பார்மசியில் ஒரு டின் புரத மா வாங்கிக் கரைத்துக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டு, "இதுக்குள்ள என்னத்தப் போட்டிருக்கானுகளோ" என்று கோப்பையைத் தள்ளி வைத்தார். அவித்த கடலை சாப்பிடப் பல் இல்லை. மேலே நாலு, கீழே மூன்று. அவையும் நேருக்கு நேர் இல்லை.

அவர் ஆசையாகச் சாப்பிட்ட ஒரே இத்தாலியச் சாமான் பாஸ்தா. கட்டையான சின்ன வகையைக் குழைய அவித்து, கத்தரிக்காய்க் கறியோடு கையால் பிசைந்து கொடுத்தால், "இது நல்லம் புள்ள, மெல்லத் தேவல்ல, தானா உள்ள போகுது" என்பார்.

அப்போதுதான் மூளை வேலை செய்தது. பாஸ்தாவை நானே செய்தால் அதற்குள் எதையும் போடலாம். பலெர்மோவில் கடலை மா எந்தக் கடையிலும் கிடைக்கும், தெருவுக்குத் தெரு அதில் வடை மாதிரி ஒன்று பொரிக்கிறார்கள். பாஸ்தாவுக்கென்றே கெட்டிக் கோதுமையை நுணுக்கி அரைத்த மஞ்சள் மாவும் இருக்கிறது. மைசூர்ப் பருப்பை மிக்சியில் அடித்தால் பருப்பு மா. மூன்றையும் கலந்தால் புரதம் நிறைந்த பாஸ்தா. கணக்குப் போட்டுப் பார்த்தேன், பிரமாதம்.

வியாழக்கிழமை மாவை எடுத்தேன். எங்கள் வீடுகளில் கோதுமை மா வாங்கினால் முதல் வேலை என்ன? துணியில் கட்டி அவிப்பது. பிட்டோ இடியப்பமோ, பச்சை மாவில் எவள் கை வைப்பாள்? மூன்று மாவையும் ஒன்றாகக் கட்டி அரை மணித்தியாலம் அவித்தேன். சூட்டோடு உதிர்த்து அரித்தேன். கொதிதண்ணீர் ஊற்றிக் குழைத்தேன். கை தன்பாட்டில் செய்தது, மூளையைக் கேட்கவே இல்லை.

மா ஒட்டவில்லை. உருட்டினால் வெடித்தது, பெருவிரலால் அமத்தினால் பொடிந்தது. எப்படியோ நூறு துண்டு ஒப்பேற்றிக் கொதிதண்ணீருக்குள் போட்டேன். நூறும் கரைந்தது. பானைக்குள் மஞ்சள் சேறு.

அப்பா எட்டிப் பார்த்தார். "பிட்டு அவிக்கிற எண்டா தேங்காப்பூப் போட்டு அவியன்."

ரிஸ்வான் காக்காவுக்குப் போன் பண்ணினேன். ஏறாவூர் முஸ்லிம், எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன். முப்பது வயது, இங்கே ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில் வேலை. பாத்திரம் கழுவப் போனவர், இப்போது மாக் குழைக்கிறார். அப்பாவின் நேர்த்தி பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

"மா பிடிக்குதில்லயா? முட்டைய அடிச்சி ஊத்து புள்ள. கல்லு மாதிரிப் பிடிக்கும்."

4

இரண்டு நாள் யோசித்தேன் என்று எழுதினால் மரியாதையாக இருக்கும். உண்மையில் இரண்டு மணித்தியாலம்தான்.

இது மருந்து என்று எனக்கு நானே சொன்னேன். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் குளிசையின் கோது எதில் செய்தது என்று அவர் கேட்கிறாரா? எனக்காக விட்டதை எனக்காகவே தின்னட்டும். மூன்று முட்டையை உடைத்து ஊற்றினேன். மா அழகாகத் திரண்டது. கயிறு மாதிரி உருட்டி, சின்னத் துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் பெருவிரலால் இழுத்துச் சுருட்டினேன். அவிந்த பிறகும் ஒன்றும் உடையவில்லை.

அப்பா இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். "நீ செய்யிறதுதான் நல்லம். கடையில வாங்காத."

முட்டைக் கோதுகளைக் கடதாசிப் பையில் போட்டு, வேலைக்குப் போகும் வழியில் வேறு தெருவின் குப்பைத்தொட்டியில் எறிந்தேன். நாற்றம் தெரியாமல் இருக்க மாவுக்குள் மிளகும் பெருஞ்சீரகமும் போட்டேன். பதினொரு நாள் இப்படிப் போனது. முகத்தில் கொஞ்சம் சதை வைத்த மாதிரி இருந்தது. எனக்குப் பெருமை.

பதினோராம் நாள் ஞாயிறு. ரிஸ்வான் காக்கா சாப்பிட வந்தார். அப்பாவுக்கும் அவருக்கும் நல்ல பொருத்தம். இரண்டு பேரும் ஆலைக்கார முதலாளிமாரை ஒரு பக்கத்திலிருந்து திட்டுவார்கள். காக்கா ஒரு துண்டை வாயில் போட்டு, "ஆ, இப்ப பிடிச்சிருக்கு. நான் சொன்ன மாதிரி மு..." என்று தொடங்கினார். மேசைக்குக் கீழே காலில் உதைத்தேன்.

"என்ன?" என்றார் அப்பா.

"ஒண்டுமில்ல மாமா," என்றார் காக்கா என்னைப் பார்த்தபடி. "முதல் செஞ்சத விட நல்லம் எண்டன்."

வழியனுப்பப் போன இடத்தில், படிக்கட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"உங்கட வாப்பாக்கு முட்டை கூடாதா?"

நேர்த்தியைச் சொன்னேன். மருந்து மாதிரித்தானே காக்கா என்றும் சொன்னேன்.  

"நான் உன்ட வீட்ட எத்தின தரம் தின்டிருக்கன்?"

"கனதரம்."

"ஒரு நாளாவது, இதுக்குள்ள என்ன கிடக்கு, இது ஹலாலா எண்டு கேட்டனா?"

"இல்ல."

"இனிக் கேப்பன்."

இரண்டு படி இறங்கினார். திரும்பி நின்றார். "என்னயும் உன்ட களவுக்குக் கூட்டாக்கிட்டாய். நான்தானே முட்டைய ஊத்தச் சொன்ன. அதுவும் சும்மா. இந்த ஊர்ப் பொம்புளைகள் முட்டை போடுறல்ல தெரியுமா? மஞ்ச மாவும் தண்ணியும், அவ்வளவுதான். அதுவே ரப்பர் மாதிரி இழுபடும். உனக்கு மட்டும் ஏன் பிடிக்கல்ல? மாவ என்ன செஞ்ச நீ?"

"அவிச்சன்."

"எத அவிச்ச?"

"எல்லாத்தயும்."

"அட அல்லாஹ்வே." கோபத்துக்குள்ளேயே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவிச்ச மா இழுபடுமா? நம்மட இடியப்ப மாவு எங்கயாவது இழுபட்டிருக்கா? கம்பஸ்ல அத விட வேற என்னத்தப் படிச்ச?" சிரிப்பை நிறுத்திக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

கோதுமையின் பசை முழுக்கப் புரதம். அவித்தால் அது செத்துவிடும், பிறகு இழுபடாது. இதை நான் பரீட்சையில் எழுதியவள். ஊர்ப் பழக்கத்தில் மாவைக் கெடுத்து, கெட்ட மாவை ஒட்ட வைக்க அப்பாவின் நேர்த்தியை உடைத்திருக்கிறேன். தேவையே இல்லாமல்.

5

மேலே வந்ததும் சொல்லிவிட்டேன். தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, பாஸ்தாவுக்குள்ள முட்டை போட்டனான்."

கோப்பையை வைத்தார். "எத்தின நாள்?"

"பதினொண்டு."

"சரியா எண்ணினியா?"

"ஓம்."

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து அதே கதிரையில் இருந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்து நான் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். கத்தவில்லை. நான்தான் கத்தினேன்.

"எனக்காகத்தானே விட்டீங்க? நானே சொல்றன், தின்னுங்க எண்டு!"

"உனக்காகத்தான் விட்டன். உன்னட்டக் கேட்டு விடல்ல."

"அட்டை மார்கழியோட முடியுது. ரத்தம் பாக்க இன்னும் மூண்டு கிழமைதான் கிடக்கு."

"முடிஞ்சா முடியட்டும்." மிச்சத் தேநீரைக் கொண்டுபோய் ஊற்றினார். "உடைஞ்ச நேர்த்திய நான் புள்ளையாரோட கதைச்சிக் கொள்ளுவன். அது எனக்கும் அவருக்கும். உனக்கும் எனக்கும் உள்ளது வேற. இனி உன்ட கையால நான் தின்னல்ல."

அடுத்த நாள் தானே சோறு வடித்தார். உப்பும் பூசணிக்காயும். நான் முட்டை போடாமல், கோதுமையை அவிக்காமல் செய்து வைத்த பாஸ்தா மேசையில் காய்ந்தது. காக்கா சொன்னது சரி, மா ரப்பர் மாதிரி இழுபட்டது. தின்னத்தான் ஆளில்லை. அக்கா போனில் என்னைக் கிழித்தாள், பிறகு அப்பாவைக் கிழித்தாள். அவர் போனை என்னிடமே திருப்பித் தந்தார். ஊர்ப் பிள்ளைகள் வெளிநாடு போய்த் தாய் தகப்பனிடமிருந்து விலகிப் போகிறார்கள் என்று மலர்களில் எழுதுகிறீர்களே, நான் விலகியது பத்தடி அறைக்குள். அவர் ஜன்னல் பக்கம், நான் கதவுப் பக்கம்.

நாலாம் நாள் மாப் பைகள் எல்லாவற்றையும் அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

"நீங்களே குழையுங்க. ஒண்டையும் நான் தொடல்ல."

அவர் பைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல என்ன எழுதியிருக்கு? வாசி."

கடலை மாப் பையை வாசித்தேன். கடலை, வேறொன்றுமில்லை. பருப்பு நான் அரைத்தது, அவருக்கு எதிரில் திரும்ப அரைத்தேன். மஞ்சள் மாப் பையைத் திருப்பினேன். அடியில் குறுணி எழுத்தில் ஒரு வரி இருந்தது: முட்டை பயன்படுத்தும் ஆலையில் பொதி செய்யப்பட்டது, சிறு துகள் கலந்திருக்கலாம். அவருக்கு இத்தாலிய எழுத்தில் ஒன்றும் தெரியாது. நான் வாசிக்காமல் விட்டிருக்கலாம். உண்மையைச் சொன்னால், விடத்தான் பார்த்தேன்.

வாசித்துச் சொன்னேன்.

அவர் அந்தப் பையை ஒரு விரலால் தள்ளி வைத்தார். "வேற வாங்கு."

மழையில் மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றாவது கடையில் அந்த வரி இல்லாத பை கிடைத்தது. அதையும் முழுக்க வாசித்துக் காட்டினேன், பொதி செய்த ஊரின் பெயர் வரைக்கும். அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து இருந்தார்.

கடலை மாவையும் பருப்பு மாவையும் மட்டும் அவித்தோம். அவை பச்சையாகப் போனால்தான் வயிறு ஊதுகிறது. அவித்தால் பச்சை மணமும் இல்லை, ஊதலும் குறைவு. ஆக, எங்கள் பழக்கம் பாதி மாவுக்குச் சரிதான். மஞ்சள் மா மூன்று கோப்பை, மற்ற இரண்டும் சேர்த்து இரண்டு கோப்பை, உப்பு, இளஞ்சூட்டுத் தண்ணீர். எழுந்து நின்று அமத்த வேண்டாம், வயிற்றில் பாரம் போகும் என்றேன். இருந்தபடியே, மூட்டைக் கொழுக்கி பிடித்துக் காய்த்த கையால், நிறுத்தி நிறுத்திக் குழைத்தார். அரை மணித்தியாலம் துணி போட்டு மூடி வைத்தோம். பிறகு உருட்டி வெட்டிப் பெருவிரலால் இழுத்தார். அவருடைய பெருவிரல் என்னுடையதைப் போல இரண்டு மடங்கு. ஒவ்வொரு துண்டும் ஒரு செருப்பு மாதிரி வந்தது. குழைய அவித்து, கத்தரிக்காய்க் கறி ஊற்றினார். கறி நான் வைத்தது. கொஞ்சம் யோசித்தார், பிறகு ஊற்றினார்.

தினமும் வேலை முடிந்து வரும்போது மேசை முழுக்க மஞ்சள் செருப்புகள் காயும்.

6

இரத்தப் பரிசோதனையில் புரதம் தேவையான அளவுக் கோட்டைத் தொட்டிருந்தது. தாண்டவில்லை, தொட்டிருந்தது. டொக்டர் சிரித்தபடி, யானை மனம் மாறிவிட்டதா என்று கேட்டார். இல்லை, கடலை மா என்றேன். பிறகு அந்தப் பதினொரு நாளையும் சொன்னேன். அப்பா என்னவாம் என்று கேட்டபோது, டொக்டர் கேட்டதையும் நான் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். அந்தக் கோட்டைத் தொட்டதில் முட்டைக்கு எவ்வளவு பங்கு என்று எனக்குத் தெரியாது. கொஞ்சமாவது உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன். அப்பா அதைக் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

கார்த்திகையில் வெட்டினார்கள். அட்டை முடிய இன்னும் நாட்கள் இருந்தன.

மூன்றாம் நாள் மத்தியானம் நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். தாதி தட்டு கொண்டு வந்தாள். தெளிந்த மஞ்சள் சூப், மேலே ஆவி. நல்ல மணம். அவர் இரண்டு நாளாக ஒன்றும் தின்னவில்லை, சேலைன் மட்டும்தான். கரண்டியை எடுத்தார். பிறகு சூப்பைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"புள்ள, இதுக்குள்ள என்ன கிடக்கு?"

பக்கத்தில் தாதியே நின்றாள், தட்டின் ஓரத்தில் சூப் என்று மட்டும் எழுதிய துண்டும் ஒட்டியிருந்தது. அவர் என்னைத்தான் கேட்டார்.

"தெரியல்ல அப்பா. கேட்டுட்டு வாறன்."

தாதிக்குத் தெரியவில்லை. கீழ் மாடிக் குசினிக்கு ஓடினேன். உள்ளே விடமாட்டோம் என்றார்கள். கதவில் நின்று, தலையில் வலை போட்ட ஒருத்தியிடம் மூன்று தரம் கேட்டு, நிச்சயம்தானா என்று நாலாம் தரமும் கேட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்தேன். கரண்டி இன்னும் அவர் கையில் இருந்தது. சூப்பைத் தொட்டபாடில்லை.

"கோழிச்சாறு அப்பா."

அவர் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"நீ குடி. ஆறப் போகுது."

கட்டில் ஓரத்தில் இருந்து முழுவதையும் குடித்தேன்.